பீலித் தண்ணீரும் வன்னிக் கிணறும்: சவர்க்காரத்துக்குள் இருக்கும் நண்டுக் கொடுக்கு

கொழும்பில் இருந்து பதுளைக்குப் போகும் புகையிரதம் தலவாக்கலையைத் தாண்டினால் அடுத்து வரும் நிலையம் வட்டகொடை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்குக் கீழேயோ பக்கத்திலோ ஒரு பீலி இருக்கும். மேலே மலையில் ஊறி வரும் தண்ணீரைக் குழாய் வைத்துத் திருப்பி விட்டிருப்பார்கள். கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்கள் அங்கேதான் கைகால் கழுவுவார்கள், உடுப்புத் துவைப்பார்கள், பிள்ளைகளைக் குளிக்க வார்ப்பார்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சவர்க்காரத் துண்டு நகமளவு தேய்ந்துபோன பிறகும் நுரைத்துக்கொண்டே இருக்கும். நுரைக்க வைப்பது அங்கே சிரமமே இல்லை. கழுவிப் போக்குவதுதான் சிரமம். எத்தனை வாளி ஊற்றினாலும் தோல் வழுவழுவென்றே இருக்கும்.

அதே சவர்க்காரத்தைக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய்க் கிணற்றடியில் தேய்த்துப் பாருங்கள். நுரை வருவதற்குள் கை சோர்ந்துவிடும். வாளித் தண்ணீரின் மேலே பால் திரிந்ததுபோல வெள்ளையாக ஏதோ மிதக்கும். வாளியின் உட்பக்கம் பிசுபிசுப்பாக ஒரு வளையம் படியும். தலை முழுகிவிட்டு வந்தால் தலைமயிர் சிக்குப்பிடித்து முரடாக நிற்கும்.

இந்த இரண்டு தண்ணீரையும் ஒரே வாழ்நாளில் பார்த்தவர்கள் எங்களிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களில் வீடுகளை இழந்து மலையகத்தில் இருந்து வடக்கே வந்தவர்கள் அவர்கள். எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி விழுந்தபோது வந்தவர்களும் உண்டு. எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு வவுனியாப் பக்கம் பலரைக் குடியமர்த்தியது. தோட்டத்துத் துயரத்தில் இருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னர் வன்னி யுத்தத்துக்குள் அகப்பட்டு, செட்டிகுளம் முகாம்வரை போனார்கள். இவ்வளவு பெரிய கதைக்குள் சவர்க்காரம் நுரைக்கவில்லை என்பது சின்ன விடயந்தான். ஆனால் தண்ணீர் மாறினால் செலவு மாறுகிறது, தோல் மாறுகிறது, சில வேளைகளில் காயம் ஆறுவதும் மாறுகிறது. இதற்குள் ஏமாற்று வியாபாரமும் நுழைகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் தண்ணீர். மத்திய மலைநாட்டின் பாறைகள் பெரும்பாலும் மிகப் பழைய உருமாறிய பாறைகள். எளிதில் கரைவதில்லை. மழையும் அதிகம். எனவே பாறை இடுக்கில் ஊறி வரும் தண்ணீர் ஏறக்குறைய மழைத் தண்ணீராகவே வெளியே வருகிறது. இதைத்தான் பாடப் புத்தகத்தில் மென்னீர் என்று படித்தோம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருவதற்குள் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வவுனியாவில் சுண்ணாம்புக் கல் இல்லாவிட்டாலும் மழை குறைவு, வெயில் அதிகம். நிலத்தடியில் நெடுநாள் தேங்கும் தண்ணீரில் உப்புகள் செறிகின்றன. இவை வன்னீர்.

சவர்க்காரம் என்பது எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சோடியம் உப்பு. அது கரையும், நுரைக்கும், அழுக்கைப் பிடிக்கும். கல்சியத்தைக் கண்டால் சோடியத்தை விட்டுவிட்டுக் கல்சியத்தோடு சேர்ந்துகொள்ளும். கல்சியத்தோடு சேர்ந்த சவர்க்காரம் தண்ணீரில் கரையாது. வாளியில் மிதந்த வெள்ளைத் திரி அதுதான். தண்ணீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் முழுவதும் இப்படித் தீர்ந்த பிறகுதான் மிச்சச் சவர்க்காரம் அழுக்குப் பக்கம் திரும்பும்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தண்ணீரின் வன்மையை ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்று சொல்வார்கள். 60க்குக் குறைந்தால் மென்னீர், 180க்கு மேலே போனால் மிகவும் வன்னீர் என்பது வழக்கமான பிரிப்பு. 300 வன்மையுள்ள கிணற்றுத் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 1.8 கிராம் சவர்க்காரம் வீணாகும். உடுப்பு ஊறவைக்கும் 20 லீற்றர் வாளி என்றால் 36 கிராம். 100 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு சட்டையின் அழுக்கும் போகாமலே முடிந்துவிடுகிறது. 20 வன்மையுள்ள மலைத் தண்ணீரில் அதே வாளிக்கு வீணாவது 2.4 கிராம் மட்டும். உடம்பில் தேய்க்கும்போது வாளித் தண்ணீர் முழுவதும் சவர்க்காரத்தைச் சந்திப்பதில்லை, அதனால் குளியலில் இழப்பு இதைவிடக் குறைவு. துவைக்கும் வாளியில் அந்தச் சலுகை இல்லை.

மலையகத்தில் இருந்து வந்த மருமகளைப் பார்த்து “சவர்க்காரத்தைக் கரைச்சே முடிக்கிறாள்” என்று சொன்ன மாமியார்கள் இதைப் படித்தால் நல்லது.

இப்போது சவர்க்காரப் பெட்டியின் பின்பக்கத்துக்கு வருவோம். அல்லது ஷாம்பூப் பக்கற்றின் பின்பக்கம். பொடி எழுத்தில் இருக்கும் பொருட் பட்டியலின் கடைசிப் பகுதியில் டெற்றாசோடியம் ஈ.டி.ரி.ஏ. அல்லது டைசோடியம் ஈ.டி.ரி.ஏ. என்று ஒன்று வரும். சிலவற்றில் எற்றிட்ரோனிக் அமிலம், சோடியம் குளுக்கோனேற், சித்திரிக் அமிலம், பைற்றிக் அமிலம் என்று இருக்கும். இவை எல்லாமே ஒரே வேலைக்காரரின் வெவ்வேறு பெயர்கள். உலோக அயனைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இவற்றின் வேலை. கில்பேட் மோர்கன், ஹரி ட்றூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1920இல் இவ்வகைப் பிணைப்புக்குக் கீலேற் என்று பெயர் வைத்தார்கள். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து எடுத்த பெயர் அது. நண்டு பிடித்துப் பழகிய எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒற்றை விரலால் பிடித்தால் நழுவிவிடும், இரு பக்கமும் கவ்வினால் நழுவாது. ஈ.டி.ரி.ஏ.க்கு ஆறு கொடுக்குகள். ஒரு கல்சியத்தையோ இரும்பையோ ஆறு பக்கமும் சுற்றிக் கவ்வி, வேறெதனோடும் சேரவிடாமல் வைத்துக்கொள்ளும். முக்கியமானது, கவ்விய பின்னும் அது தண்ணீரில் கரைந்தே இருக்கும். திரியாது, படியாது.

இதைச் செய்தவர் பெர்டினன்ட் முன்ஸ், ஜேர்மனியில், 1935இல். சாயத் தொழிலில் வன்னீரின் தொல்லையைத் தீர்க்க அதுவரை சித்திரிக் அமிலம் பயன்பட்டது. அதை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. வெளியில் இருந்து வரும் பொருளில் தங்கியிருக்கக் கூடாது என்ற தேவையில் பிறந்ததுதான் ஈ.டி.ரி.ஏ. பொருட்தடைக் காலத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் காரணமும் புரியாமல் போகாது.

அப்படியானால் ஈ.டி.ரி.ஏ. உள்ள சவர்க்காரம் வாங்கினால் வன்னிக் கிணற்றில் நுரைக்குமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சவர்க்காரத்தில் சேர்க்கும் அளவு மிகச் சிறியது. 100 கிராம் கட்டியில் 0.1 வீதம் என்று வைத்தால் 0.1 கிராம். அந்த 0.1 கிராம், 300 வன்மையுள்ள தண்ணீரில் எவ்வளவை மென்மையாக்கும் என்று கணக்கிட்டால் 90 மில்லிலீற்றருக்கும் குறைவாக வருகிறது. அதாவது முழுக் கட்டியிலும் இருக்கும் ஈ.டி.ரி.ஏ. ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீருக்கே போதாது. 20 லீற்றர் வாளியை மென்மையாக்க 23 கிராம் அளவில் வேண்டும். அந்த அளவுக்கு எவரும் சேர்ப்பதில்லை.

பிறகு ஏன் சேர்க்கிறார்கள்? அது சவர்க்காரத்தைக் காப்பாற்றுவதற்கு. எண்ணெயிலும் காரத்திலும், இயந்திரங்களிலும் இருந்து மிகச் சிறிதளவு இரும்பும் செம்பும் கலந்துவிடும். அவை காற்றோடு சேர்ந்து எண்ணெயைக் கெட வைக்கும் வேலையை விரைவாக்கும். பழைய சவர்க்காரத்தில் மஞ்சளும் கபிலமுமாகப் புள்ளி விழுவதையும் காறல் மணம் வருவதையும் பார்த்திருப்பீர்கள். கொடுக்கு அந்த இரும்பையும் செம்பையும் கவ்வி வைத்தால் கட்டி கடையில் பல மாதம் நிறம் மாறாமல் கிடக்கும். இரும்பும் செம்பும் இருப்பது சொற்ப அளவில் என்பதால் சொற்பக் கொடுக்கே போதும்.

ஷாம்பூவிலும் திரவச் சவர்க்காரத்திலும் இன்னொரு வேலையும் உண்டு. அவற்றில் தண்ணீர் அதிகம் என்பதால் கிருமி வளரும். சூடோமோனாஸ் போன்ற சில பக்றீரியாக்களின் வெளிச்சுவரைக் கல்சியமும் மக்னீசியமும்தான் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கொடுக்கு அவற்றை இழுத்து எடுத்தால் சுவர் தளரும், பழுதடையாமல் காக்கும் மருந்து சுலபமாக உள்ளே போகும். அதனால் அந்த மருந்தைக் குறைத்துப் போடலாம். ஆக, இந்தப் பொருள் போத்தலுக்குள் இருக்கும்போது உழைக்கிறது. கிணற்றடிக்கு வந்த பிறகு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. “வன்னீருக்கு ஏற்றது” என்ற வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஷாம்பூ யாழ்ப்பாணத்திலும் நுரைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நுரைக்கிறதுதான். அதற்குக் காரணம் கொடுக்கு அல்ல. ஷாம்பூவில் இருப்பது சவர்க்காரமே அல்ல. அது கல்சியத்தோடு சேர்ந்தாலும் திரியாத செயற்கைக் கழுவுபொருள். உடுப்புத் துவைக்கும் தூளிலும் அதே வகைதான்.

இந்த இடத்தில் பனம்பழத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைப்பது அரிதாகியது, கிடைத்தாலும் நெருப்பு விலை. மில்க்வைற் என்று சொந்தச் சவர்க்காரத் தொழிற்சாலை வைத்திருந்த யாழ்ப்பாணத்தில் சனங்கள் பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்து உடுப்புத் தோய்த்தார்கள். பெரியவர்களுக்கு அது புதிதல்ல, முந்திய தலைமுறையின் பழக்கந்தான். தோய்த்த உடுப்பை வேலியில் போட்டால் அந்த வாசனைக்கு மாடு வந்து சப்பும் என்று இப்போதும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். பனங்களியில் கசப்பைத் தரும் சப்போனின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. பனையின் தாவரவியல் பெயரை ஒட்டி அவற்றுக்கு பிளபெலிபெரின் என்று பெயர். சப்போனின் நுரைக்கும், ஆனால் கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரம்போலத் திரிந்துபோவதில்லை. வறுமைக்கு மாற்றாக எடுத்த பொருள் என்றுதான் அதை நினைக்கிறோம். சுண்ணாம்புத் தண்ணீர் ஊரில், தண்ணீரோடு ஒத்துப்போகும் விடயத்தில், அது கடைச் சவர்க்காரத்தைவிட மேலானது. அதே சப்போனின்தான் சீயாக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைக்கிறது.

மறுபடி வட்டகொடைக்கு வருவோம். அங்கே தண்ணீர் மென்மையானது என்பதால் கொடுக்குக்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். தேயிலை மலையே கொடுக்குகளால் ஆனது. கொழுந்தின் பச்சை நிறம் ஒரு மக்னீசியம் அணுவை நான்கு பக்கம் கவ்வி வைத்திருக்கும் மூலக்கூறு. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, சூட்டில் உலர்த்தும்போது அந்த மக்னீசியம் கழன்று விழுகிறது. பச்சை போய்க் கருமை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல் நுனியில் கறுப்பாகக் கறை ஏறுவதற்குக் காரணம் கொழுந்துச் சாற்றில் உள்ள பொலிபீனோல்கள். அவை காற்றுப் பட்டுக் கறுக்கின்றன. இரும்புக் கத்தியோ இரும்புத் தண்ணீரோ பட்டால் இரும்பைக் கவ்வி இன்னும் கறுப்பாகின்றன. பழைய காலத்து எழுது மையும் இதே முறையில்தான் செய்யப்பட்டது. தேசிக்காய்ப் பாதியால் விரலைத் தேய்த்தால் கறை மங்குகிறது. தேசிக்காயின் சித்திரிக் அமிலம் இரும்பைத் தன் கொடுக்கில் வாங்கிக்கொள்கிறது.

தேத்தண்ணீரின் இந்தக் குணத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. சாப்பாட்டோடு சாயத்தண்ணீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை அது குடலிலேயே கவ்விக்கொள்கிறது. இரத்தத்துக்குப் போவது குறைகிறது. இறைச்சியும் மீனும் அருமையாகக் கிடைக்கும் தோட்டத்து வீடுகளில் இரும்பு வருவதே கீரையிலும் பருப்பிலும் இருந்துதான். இரத்தசோகை உள்ள பெண்களிடம் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பின்னாகத் தேத்தண்ணீர் குடிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அழகுப்பொருள் பற்றிய கட்டுரையில் இது விலகிய பேச்சென்று தோன்றலாம். சோகையால் வெளிறும் தோலையும் கொட்டும் தலைமயிரையும் எந்தக் கிறீமும் சரிசெய்யாது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

தோலுக்கு வருவோம். வன்னீரில் சவர்க்காரம் போட்டுக் குளித்தால் அந்தக் கல்சியத் திரி வாளியில் மட்டும் படிவதில்லை, தோலிலும் படிகிறது. கழுவினாலும் முழுக்கப் போகாது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 பேரிடம் செய்த ஆய்வை 2017இல் வெளியிட்டார்கள். வன்னீரில் கழுவிய தோலில் கழுவுபொருள் கூடுதலாகத் தங்கி நின்றது, எரிச்சலும் கூடியது. கரப்பன் உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். ஆனால் அதே நாட்டில் கரப்பன் உள்ள 336 பிள்ளைகளின் வீடுகளில் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டியதால் ஏற்கனவே இருந்த கரப்பன் குணமாகவில்லை என்று காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வன்னீர் தோலைத் தொந்தரவு செய்யும், ஆனால் தண்ணீரை மாற்றுவது கரப்பனுக்கு மருந்தாகாது. யாராவது பெரிய விலைக்கு இயந்திரம் விற்க வந்தால் இந்த இரண்டாவது ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கு இது வேறு விதத்தில் முக்கியம். எரிகாயத் தழும்பிலும், தோல் ஒட்டுப்போட்ட இடத்திலும் இயல்பான எண்ணெய்ச் சுரப்புக் குறைவு. அந்த இடங்கள் சுலபமாக வறண்டு வெடிக்கும். செயற்கைக் கால் போடுகிறவர்களுக்குக் காலின் முனை நாள் முழுக்கக் காற்றுப் புகாத கிண்ணத்துக்குள் வியர்த்தபடி உராய்கிறது. அங்கே சவர்க்காரத்தின் மிச்சம் படிந்திருந்தால் கடிக்கும், சிவக்கும், புண்ணாகும். புண் வந்தால் சில நாட்களுக்குக் காலைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றி வைத்தால் வேலைக்குப் போக முடியாது. இவர்கள் சவர்க்காரத்தைக் குறைத்துப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவது நல்லது. கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. காலில் கழுவுவதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் ஊறி உராயும். கழுவிய பின் உலர்த்துவதில் பொறுமை வேண்டும். செயற்கைக் காலின் உட்கிண்ணத்தையும் அதேபோலக் கழுவி உலர்த்த வேண்டும்.

உடம்பில் இன்னும் செல் துண்டு இருக்கும் பலர் எங்களிடையே வாழ்கிறார்கள். ஈ.டி.ரி.ஏ. உலோகத்தை இழுத்து எடுக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, அது கலந்த கிறீமோ குளியல் உப்போ பூசினால் துண்டு கரைந்து வெளியேறும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அது நடக்காது. ஈ.டி.ரி.ஏ. தோலினூடாக உள்ளே போவது மிக மிகக் குறைவு. இரும்புத் துண்டை அது கரைக்கவும் மாட்டாது. ஈயம் வேறு விடயம். மூட்டுக்குள் தங்கிய ஈயத் துண்டு மெல்லக் கரைந்து இரத்தத்தில் ஈய நஞ்சேற்றும். தீராத வயிற்றுவலி, சோகை, கைகால் விறைப்பு இருந்தால் மருத்துவரிடம் துண்டைப் பற்றிச் சொல்லி இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேட்கலாம். ஈய நஞ்சுக்கு ஈ.டி.ரி.ஏ.யின் கல்சியம் சேர்ந்த வகை வைத்தியசாலையில் ஊசியாக ஏற்றப்படுவது உண்மை. கல்சியம் சேராத வகையை ஏற்றினால் அது இரத்தத்தின் கல்சியத்தைக் கவ்விக்கொள்ளும், இதயம் நின்றுபோகும். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் இப்படி மூவர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2006இல் அறிவித்தது. “உடம்பில் உள்ள உலோகத்தைக் கழுவும் சிகிச்சை” என்று விளம்பரம் போடும் தனியார் இடங்களுக்குப் போகாதீர்கள்.

கீலேற் என்ற சொல் எங்கள் செய்திகளுக்குள் வந்தது சவர்க்காரத்தால் அல்ல, சிறுநீரக நோயால். களைகொல்லியான கிளைபோசேற்றும் ஒரு கொடுக்குப் பொருள். அது வன்னீரின் உலோகங்களைக் கவ்விக்கொண்டு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று இலங்கை ஆய்வாளர்கள் சிலர் 2014இல் ஒரு கருதுகோளை எழுதினார்கள். 2015இல் அரசு கிளைபோசேற்றைத் தடைசெய்தது. களை கட்டுக்கடங்காமல் போகத் தேயிலைத் தோட்டங்கள் கூக்குரலிட்டன. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. அந்தக் கருதுகோள் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதைக் கேட்டுவிட்டுச் சவர்க்காரத்தில் உள்ள ஈ.டி.ரி.ஏ. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பயப்படுவதற்குக் காரணம் இல்லை. தோலுக்கு மேலால் கழுவிப் போகும் அளவு அது.

ஈ.டி.ரி.ஏ.யில் உண்மையான குறை வேறு. அது எளிதில் மக்காது. வட்டகொடையில் குளித்த தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கானுக்குள் இறங்கி ஓடைக்குப் போகிறது. அந்தப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவில் சேருகின்றன. கொத்மலை ஓயா மகாவலியில் சேருகிறது. மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது. ஒரு லயத்துச் சவர்க்காரத்தில் இருந்து போவது கணக்கில் வராத அளவு. ஒரு நாட்டின் எல்லாக் குளியலறைகளையும் சலவைகளையும் கூட்டினால் அப்படியல்ல. ஐரோப்பாவில் பல உற்பத்தியாளர்கள் மக்கக்கூடிய கொடுக்குகளுக்கு மாறிவருகிறார்கள். குளுக்கோசைப் புளிக்க வைத்து எடுக்கும் சோடியம் குளுக்கோனேற், அரிசித் தவிட்டில் இருந்து எடுக்கும் பைற்றிக் அமிலம் எல்லாம் அவற்றில் சேரும். தவிடும் தேசிக்காயும் எங்கள் நாட்டில் தாராளம். உள்ளூரில் சவர்க்காரம் செய்யும் பெண்கள் குழுக்கள் வடக்கிலும் மலையகத்திலும் சேர்ந்து இதைப் பரிசோதிக்கலாம் என்பது என் விருப்பம்.

சரி, இப்போது கிணற்றடியில் நிற்பவர் என்ன செய்வது? முதலில் உங்கள் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள். ஒரே அளவான இரண்டு வெற்றுப் போத்தல்களில் பாதிவரை, ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் மழைத் தண்ணீரும் விட்டு, ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரையின் உயரமும் தண்ணீரின் கலங்கலும் உங்களுக்குப் பதில் சொல்லும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் உடுப்புக்குக் கட்டிச் சவர்க்காரத்தைவிடத் தூள் சிக்கனம். கட்டிதான் வேண்டுமென்றால் வாளியில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துக் கல்சியத்தைப் படியவிட்டு, பிறகு சவர்க்காரம் போடலாம். சலவைச் சோடா தோலுக்கு ஆகாது, குளியலுக்கு வேண்டாம்.

தலைமுழுகிய பின் இரண்டு மூன்று லீற்றர் தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து, மயிரை அலசி, பிறகு வெறுந்தண்ணீரில் நன்றாகக் கழுவினால் படிந்த திரி கழன்றுவிடும். அதன் அமிலமும் கொடுக்கும் சேர்ந்து செய்யும் வேலை அது. கண்ணிலும் புண்ணிலும் படாமல் பாருங்கள். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயிலில் போகாதீர்கள். சூடு பட்டதுபோலக் கொப்புளித்துக் கறுப்பாகும்.

மழைத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மலிவு. ஐப்பசி கார்த்திகையில் வன்னிக் கூரைகளில் விழும் தண்ணீர் வட்டகொடைப் பீலித் தண்ணீரைவிடவும் மென்மையானது. முதல் மழை கூரையின் தூசியைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையில் பீப்பாவில் பிடித்து, நுளம்பு முட்டையிடாதபடி வாயைத் துணியால் இறுகக் கட்டி மூடிவையுங்கள். எல்லோரும் குளிக்க அது காணாது. தலைக்குக் கடைசி இரண்டு சிரட்டை, குழந்தைக்கு ஒரு சின்ன வாளி, காயத் தழும்புக்கும் காலின் முனைக்கும் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பீப்பா பல நாள் வரும்.